காட்டுக்குத் தலைவரான ஜெராக்ஸ் கடைக்காரர்

ரேஞ்சர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சட்டை கசங்கிவிடுமோ என்று பயந்து பயந்து நடப்பார். அதனால் 'மடிப்பு' என்பார்கள். காட்டை ஊர்க்காரர்களே குழு அமைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்னதும், அந்தக் குழுவுக்கு மடிப்புதான் தலைவரானார். காலில் அட்டை ஏறிவிடும் என்று காட்டுப் பக்கமே போகாத மனிதர். மரம் அறுக்கும் மில் முதலாளிக்கு அப்படிப்பட்ட ஆள்தான் தேவைப்பட்டது.

நாற்காலி கிடைத்தால் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருகிறவர்கள் உண்டு. மடிப்பு அந்த ரகம்.

கூட்டம் மில் அலுவலக அறையில் நடக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே முதலாளி, பக்கத்தில் ரேஞ்சர், அவருக்குப் பக்கத்தில் மடிப்பு. காட்டில் விறகும் தேனும் எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்குத் தகவலே போகாது. அவர்கள் காட்டுக்குள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூட்டம் வைப்பார்கள். முதலாளி கை காட்டிய மரம் இலையும் தளிருமாக நின்றாலும், பட்டுப்போன மரம் என்று தீர்மானம் போட்டு வெட்டிவிடலாம். காடு இளைத்துக்கொண்டே போகிறதே என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தபோது, மடிப்பு தீவிரமாக யோசித்து, விறகு பொறுக்குகிற பெண்களால்தான் என்று கண்டுபிடித்தார். அரிவாளோடு காட்டுக்குள் போகக் கூடாது என்று தடை வந்தது.

அந்தத் தடையில் முதலில் மாட்டியது அவருடைய மனைவி. வீட்டில் கேஸ் தீர்ந்திருந்தது. சிலிண்டருக்குச் சொல்ல மடிப்பு மறந்திருந்தார். குழுவின் காவலாளி அவளைத் தலைச்சுமையோடு மில்லுக்கே கூட்டி வந்துவிட்டான்.

"தலைவரே, நம்ம வீட்டம்மான்னு தெரியாமப் போச்சு. விட்டுரட்டுமா?" என்று காதோடு கேட்டான்.

முதலாளி சிரித்தார். "என்ன தலைவரே, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

மடிப்பு மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "அரிவாளப் புடுங்கு. மன்னிப்பு கேக்கச் சொல்லு" என்றார்.

"யார்கிட்ட கேக்கணும்?" என்றாள் அவள்.

"முதலாளிகிட்ட."

"ஏன், காடு அவரு வீட்டுச் சொத்தா?"

அவள் விறகுக் கட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டாள். தேநீர்க் கோப்பைகள் உருண்டன. "எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே உங்க சட்டத்தையே ஆக்கித் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நிலையிலும் மடிப்பு முதலாளியின் சட்டையில் தெறித்த தேநீரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா தேன் எடுக்கிறவள். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் என்றைக்கு என்பதைத் தங்கைக்காரி காவலாளியின் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொண்டாள். அன்று ஒரு பெண்கூடக் காட்டுக்குப் போகவில்லை. கூட்டம் கூட்டமாக மில்லுக்குள் நுழைந்தார்கள். அறை கொள்ளாமல் கூட்டத்தை மரக்கட்டைகள் அடுக்கிய முற்றத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ரேஞ்சர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பெண்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்ல அதில் எந்த விதியும் இல்லை. அக்கா தலைவியானாள்.

"ரொம்ப சந்தோசம்மா, சேர்ந்து வேலை செய்வோம்" என்று முதலாளி குழைந்தார்.

"மரம் பட்டுப்போச்சா இல்லையான்னு இனிமே நாங்க போய்ப் பாத்துச் சொல்றோம். நீங்க சிரமப்படாதீங்க" என்றாள் அவள்.

முதலாளி காரில் ஏறினார். வணக்கம் சொல்லி ஓடி வந்த மடிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்காவது மனிதருக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சில நாளிலேயே அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். மனைவியைக் கூப்பிடப் போயிருக்கிறார் என்று ஊர் நினைத்தது.

"அந்த முதலாளி பெரிய ஃப்ராடுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று ஆரம்பித்தார். "குழுவுக்குச் செயலாளர் வேணும்ல?"

உள்ளே அவர் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. அக்கா கதவைச் சாத்தினாள்.