அரை நிமிடம் பிந்திய பெரியம்மா

எங்கள் காலுக்குக் கீழே ஒரு மனிதர் வசிக்கிறார். ஊரில் அயலவர் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பார். சண்டை என்றாலும் சமாதானம் என்றாலும் முகத்துக்கு நேரே நடக்கும். மொன்றியலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் கோட்-டெ-நெய்ஜ் மாடிக் கட்டடத்தில் அயலவர் என்பவர் பாதத்துக்கு அடியில் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. நான் உள்ளி இடித்தால் அவருக்குத் தலை இடிக்கும். அவர் கோபப்பட்டால் என் உள்ளங்கால் நடுங்கும். கடந்த வருடம், பனி கரைந்து ஊத்தையாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தும்புத்தடியால் தன் முகட்டில், அதாவது என் நிலத்தில், தட்டத் தொடங்கினார். அவரிலும் பிழை இல்லை. எங்கள் இருக்கையறையில் அப்போது முப்பது பந்தயக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலில் அந்தக் காரை விளக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய கார். கூரை இல்லை, கதவு இல்லை, நாலு சில்லும் நண்டுக்கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் ஏறக்குறையப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பெரிய பந்தயங்களுக்குப் போகுமுன் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இதில்தான் கை பழகுவார்கள். ஐரோப்பாவில் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை, இன்றைக்கு இத்தாலி, பேந்து ஒஸ்ரியா என்று நாடு நாடாக இந்த இளையோர் தொடர் நடக்கும். என் தங்கை சுகியின் மகள் நிவேதா அதில் சேரும்வரை, எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இதைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது.

சுகி சுவிசில், லோசானில் இருக்கிறாள். அவளுடைய கணவர் ரூபன் அங்கே நகர பஸ் ஓட்டுகிறார். நிவே சின்ன வயதில் ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்குக் குட்டிப் பந்தயக் கார் ஓட்டப்போய், இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை. பெண் பிள்ளைகளுக்கென்று நடந்த தெரிவுப் போட்டி ஒன்றில் வென்றதால் இத்தாலியக் குழு ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. இதைச் சுகி எனக்கு ரெலிபோனில் சொன்னபோது, "அக்கா, நிவே பீலோத் ஆகப்போறாள்" என்றாள். பிரெஞ்சில் விமானம் ஓட்டுபவரும் பீலோத்தான், பந்தயக் கார் ஓட்டுபவரும் பீலோத்தான். என் மண்டையில் முதலாவதுதான் ஏறியது. அன்று பின்னேரமே கோயிலில் நாலு பேருக்குச் சொன்னேன், என் பெறாமகள் பிளேன் ஓட்டப்போகிறாள் என்று. ஐயர் நட்சத்திரம் கேட்டு ஆகாயப் பயணத்துக்கு ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டார். அடுத்த கிழமை படம் வந்தது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் நண்டுக்குப் பக்கத்தில் நிவே நின்றாள். இவர், அதாவது என் கணவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"செட்டை இருக்கு," என்றார். "முன்னுக்கும் ஒண்டு, பின்னுக்கும் ஒண்டு. ஆனா இது எழும்பாது போலை."

இவர் டவுன்டவுன் உணவகமொன்றில் சமையல்காரர். நான் ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தூக்கி, துடைத்து, நடத்தி விடுகிற வேலை. ஞாயிறு மட்டும்தான் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் நிற்பது. அந்த முதல் ஞாயிறு, இத்தாலியில் மத்தியானப் பந்தயம், எங்களுக்குப் புட்டு அவிக்கிற நேரம். ரிவியில் படம் வந்த கையோடு ரெலிபோன் அடித்தது. சுகி. பந்தயத் திடலுக்குள்ளேயே, குழுவின் லொறிக்குப் பின்னால், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாளாம்.

"அக்கா, என்னாலை பாக்கேலாது. நீ பாத்துச் சொல்லு."

"ரூபன் பக்கத்திலைதானே நிக்கிறார்?"

"அவர் எல்லாத்துக்கும் 'நல்லாப் போகுது' எண்டுதான் சொல்லுவார். பஸ் மறிஞ்சாலும் அப்பிடித்தான் சொல்லுவார். நீ சொல்லு."

எனக்கு உடனே விளங்கியது. ஊரில் குண்டுவீச்சு விமானம் வட்டமடித்த நாட்களில் பங்கருக்குள் அவள் இப்படித்தான் இருப்பாள். கண்ணை மூடி, காதுக்குள் விரலை விட்டு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. நான் பங்கர் வாசலால் மேலே பார்த்து, "கிழக்காலை திரும்புது, தூரப் போகுது, போயிட்டுது" என்று சொன்னால்தான் விரலை எடுப்பாள். இரைச்சல் என்ற ஒன்று கேட்டால், அதை நான் பார்த்து அவளுக்குச் சொல்வது என்பது எங்களுக்குள் அப்போது ஏற்பட்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கு அத்திலாந்திக்கைத் தாண்டியும் செல்லுபடியாகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பந்தயம் அவளின் மூக்குக்கு முன்னால் நடந்தது. அது படமாகி, கடல் கடந்து என் வீட்டுக்கு வந்து, என் வாயால் தமிழாகி, திரும்பிக் கடல் கடந்து அவளின் காதுக்குப் போனது. இதில் ஒரு சின்னக் கோளாறும் இருந்தது. இங்கே படம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும். அங்கே சனம் ஆரவாரிக்கும்போது என் ரிவியில் ஒன்றுமே நடந்திருக்காது.

நிவே இருபத்தோராவதாகத் தொடங்கி ஒவ்வொருவராக முந்தினாள். எனக்குள் ஏதோ ஏறிவிட்டது. சுகியை மறந்து, அகப்பையோடு எழும்பி நின்று "போ! போ! போ!" என்று கத்தினேன். அப்போதுதான் தும்புத்தடி. பிறகு கதவில் தட்டல். திறந்தால் கீழ்வீட்டுக் கயெத்தான், நித்திரை உடுப்போடு நிற்கிறார். ஓய்வுபெற்ற மனிதர், தனி ஆள், மீசை மட்டும் விழிப்பாக இருந்தது.

"மதாம்," என்றார் பிரெஞ்சில், "காலையிலிருந்து போ, போ, போ என்று கத்துகிறீர்கள். எது அவ்வளவு அழகாக இருக்கிறது?"

பிரெஞ்சில் போ என்றால் அழகு. எனக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து ரிவியைக் காட்டினேன். "மா நியேஸ்," என்றேன், என் பெறாமகள். அவர் திட்டத்தான் வந்தவர். ஆனால் இந்தக் கியூபெக்காரர்களுக்குப் பந்தயக் கார் என்றால் ஒரு பைத்தியம். ஆனி மாதம் இங்கே பெரிய பந்தயம் வந்தால் நகரம் முழுக்க இயந்திரத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்கும். கயெத்தான் நின்றபடியே இரண்டு சுற்றுப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் இருந்துவிட்டார். இவர் ஒரு கோப்பையில் புட்டும் சம்பலும் கொண்டுவந்து கொடுத்தார். நிவே பதினாலாவதாக முடித்தபோது, கண்ணால் நீர் வடிய அவரும் "போ! போ!" என்று கத்தினார். அழகு என்றாரா, போ என்றாரா, சம்பல் உறைத்ததா என்று இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு பந்தய ஞாயிறுகளில் அவர் தானாகவே மேலே வந்தார். மழை ரயருக்கும் வெயில் ரயருக்கும் வித்தியாசம் சொல்லித் தந்தது அவர்தான். ஒருநாள் பேச்சு வாக்கில் என் அப்பாவின் காரைப் பற்றிச் சொன்னேன். பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம். அப்பா தன் பழைய வாடகைக் காரை, நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். மண்ணெண்ணெய்க்குப் பிரெஞ்சு தெரியாமல் "கெரோசீன்" என்றேன். கயெத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். பிரெஞ்சில் அது ஜெட் விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெயாம்.

"உங்கள் அப்பா ஜெட் விமானியா?"

"இல்லை, இல்லை. வாடகைக் கார்."

"வாடகைக் காருக்கு ஜெட் எண்ணெயா!" அவர் நிவேயின் மஞ்சள் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்போது எல்லாம் விளங்குகிறது," என்றார். என்ன விளங்கியதோ, அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் மேல் அவருக்குத் தனி மரியாதை.

பெல்ஜியத்தில்தான் அது நடந்தது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் பந்தயப் பாதை. நிவே எட்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு முன்னால் அவள் அதுவரை வந்ததில்லை. நான் உற்சாகமாகச் சுகிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று ரெலிபோனுக்குள் ஒரு சத்தம். பிறகு சனத்தின் "ஓ" என்ற ஒலி. பிறகு ஒன்றுமில்லை.

"அக்கா, என்ன சத்தம்? அக்கா?"

ரிவியில் நிவே அழகாக ஓடிக்கொண்டிருந்தாள். வளைவில் திரும்பினாள், நேர்ப்பாதைக்கு வந்தாள். அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது. கத்தி நிற்பாட்ட வேண்டும் போல இருந்தது. பிறகு பக்கத்துக் காரின் சில்லோடு அவளுடைய சில்லு உரசியது. மஞ்சள் கார் ஒரு பக்கமாக எழும்பி, மண்ணில் புரண்டு, ரயர் அடுக்கில் மோதி நின்றது. தூசி. இவர் என் தோளைப் பிடித்தார். தூசி விலகி ஒரு கை தெரிந்தது. பிறகு தலைக்கவசம். அவள் வெளியே வந்து, காரைச் சுற்றி நடந்து, கோபத்தில் ரயரை ஒரு உதை உதைத்தாள்.

"இறங்கிட்டாள் சுகி. நடக்கிறாள். உதைக்கிறாள்."

சுகி அழுதாள். அன்று பின்னேரம் அழாமல் பேசினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "காணும் அக்கா. இந்த வருசம் முடியட்டும். அடுத்த வருசம் விடமாட்டன்." அடுத்த நாள் நிவே எனக்கு எடுத்தாள். தாய்க்குத் தெரியாமல் எடுத்ததாலோ என்னவோ, முழுக்கத் தமிழில் பேச முயன்றாள். "பெரியம்மா, அம்மா உங்கடை கதைதான் கேப்பா. நீங்கள் கதையுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்." விலா எலும்பில் கன்றிப்போய்க் கிடந்த பிள்ளை கேட்கிறது இவ்வளவுதான்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் விழுந்து முறிந்தவர்களைத் தூக்குகிறவள் நான். ஆபத்தில்லை என்று எப்படிச் சொல்வது? கடைசியில் சுகியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நீ ஒருநாளும் பாக்கேல்லை. நான் சொல்லுறதைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறாய். நான் சொல்லுறது எல்லாம் பழசு. ஒருக்கா, ஒரே ஒருக்கா, கண்ணைத் திறந்து அவள் ஓடுறதைப் பார். பாத்திட்டும் வேண்டாமெண்டா நானே நிவேக்குச் சொல்லுறன்." அவள் ரெலிபோனை வைத்துவிட்டாள்.

தொடரின் கடைசிப் பந்தயம் ஸ்பெயினில். இங்கே இலை எல்லாம் சிவந்துவிட்டது. அன்றைய பந்தயத்தில் ஒரு வேடிக்கை விதி: முந்தைய ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தவர்களைத் தலைகீழாக நிறுத்துவார்கள். பத்தாவதாக வந்த நிவே இதனால் முதலாவதாக நின்றாள். அதோடு மழையும். நான் ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சுகி எடுக்கவில்லை. நான் எடுத்தும் பார்த்தேன், மறுமொழி இல்லை. யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் ஒரு பந்தயத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாய் பழக்கத்தில் கயெத்தானுக்கே தமிழில் சொன்னேன். அவரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

நிவே ஒருவரையும் முந்தவிடவில்லை. தண்ணீர்ப் புகைக்கு முன்னால் மஞ்சள் கார் தனியாக ஓடியது. பின்னால் வந்தவன் ஒட்டிக்கொண்டே வந்தான். கடைசிச் சுற்றில் இன்னும் நாலைந்து வளைவுகள்தான் மிச்சம். ரெலிபோன் அடித்தது. சுகி.

"எடுக்காதை!" என்று இவர் கத்தினார்.

"ரெபோன் பா!" என்று கயெத்தானும் அதையே கத்தினார்.

அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. வென்றாளா, புரண்டாளா என்பது என் கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. பெருவிரல் பச்சைப் புள்ளிக்கு மேலே நின்றது. இவர் அகப்பையை நீட்டி மிரட்டினார். ரிவியில் நிவே ஒரு வளைவில் லேசாக வழுக்கினாள், மூன்று பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தோம், அவள் பிடித்துக்கொண்டாள். ரெலிபோன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. கடைசி வளைவு. நேர்ப்பாதை. முடிவுக் கோட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி, நிவேக்குத்தான் முதலில்.

கயெத்தானின் ஊரில் தேவாலயச் சாமான்களின் பெயர்கள்தான் கெட்ட வார்த்தைகள்; அவ்வளவையும் சொல்லித் திட்டி மகிழ்ந்தார். இவர் அவரைக் கட்டிப்பிடித்தார். நான் ரெலிபோனை எடுத்தேன்.

"ஏன் எடுக்கேல்லை நீ?" சுகி கீச்சிட்டாள். "பாத்தன் அக்கா. முழுக்கப் பாத்தன். மழைக்குள்ளை வேலியிலை ஏறி நிண்டு பாத்தன். என்ன மாதிரி ஓடுறாள் தெரியுமே!"

"அப்ப அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் நீ வாயை மூடிக்கொண்டு இரு. நான் பாத்துச் சொல்லுறன், நீ கேள்."

தொடரின் மொத்தக் கணக்கில் நிவே நடுவில் எங்கோதான் முடித்தாள். அதைப் பற்றி அன்று ஒருவரும் பேசவில்லை. ரிவியில் மேடை வந்தது. நனைந்த தலைமயிரோடு, தாயின் நெற்றியோடு, அவள் உச்சிப்படியில் ஏறினாள். சுவிஸ் கொடி உயர்ந்தது, தேசிய கீதம் தொடங்கியது. நான் எழும்பினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பிள்ளை நிற்கிறாள், நான் எப்படி இருப்பது? இவரும் எழும்பினார். இந்த நாட்டுக் கீதத்துக்கே கதிரையை விட்டு அசைய மாட்டேன் என்று பெருமையடிக்கிற கயெத்தானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழும்பினார். ஒருவருக்கும் ஒரு சொல்லும் தெரியாது. கீதம் முடிந்தது. இருக்கப்போனோம். அதற்குள் இன்னொரு கீதம் தொடங்கியது. குழு இத்தாலியக் குழு, ஆகவே அவர்களுக்கும் ஒன்று. இதற்கும் நிற்கவேண்டுமா, இது யாருடையது, நாங்கள் யாருடையவர்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரு யாழ்ப்பாணத்தாளும், அவளுடைய மனிசனும், ஒரு கியூபெக்காரரும், கதிரையிலும் முட்டாமல் நிமிர்ந்தும் விடாமல், முழங்காலை மடித்தபடி அந்தரத்தில் நின்றோம்.