ஒரே ரத்தம், இரண்டு பெயர்

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவன் நான். துணியில் ஓட்டை தேடித் தேடி, எதையும் நம்பாத புத்தி ஊறிப்போய்விட்டது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் விட்ட பிறகும் கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி நின்றுவிட்டது. லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் கூடியிருந்தன. அவை எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன, கிருமி வந்தால் பெருகும், வேலை முடிந்தால் பெரும்பாலும் தாமே செத்துக் குறைந்துவிடும் என்றார் டாக்டர். தாமே குறையுமாம்! மேற்பார்வை இல்லாமல் எந்த வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது? ரத்தப் புற்றுநோயை மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

மனைவி மேலும் சந்தேகம். என்னைக் கண்டதும் போனை வைத்துவிடுவாள். டப்பா மூடியைக்கூட என்னைத் திறக்கச் சொன்னாள். டாக்டர் இவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், என் தெம்பை அளந்து பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

துணியைச் சோதிக்கும் லேப் மேல் சந்தேகம் வந்தால், ஒரே துணியை இரண்டாக வெட்டி வேறு வேறு பெயரில் அனுப்புவது எங்கள் வழக்கம். அதையே ரத்த லேபிலும் செய்தேன். என் பெயரில் மறுபடி ஒரு தடவை கொடுத்துவிட்டு, மறுநாளே போய் இன்னொரு பெயரில் ரத்தம் கொடுத்தேன். என் போன் நம்பர் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால் மனைவியின் நம்பரைச் சொன்னேன்.

சாயங்காலம் போனபோது கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்: "இந்த நம்பர்ல இன்னொரு ரிப்போர்ட்டும் இருக்குதுங்க. சேத்தே குடுத்துரட்டுங்களா?"

முந்தின நாள் ரிப்போர்ட்டிலும் இதிலும் என் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். லேப் பொய் சொல்லவில்லை. கூடச் சேர்த்துக் கொடுத்த ரிப்போர்ட்டில் என் மனைவியின் பெயர் இருந்தது.

டாக்டர் என்னுடையதையும் அவளுடையதையும் பார்த்தார். உங்களுக்கு ஒன்றுமில்லை, கட்டி கரைந்துவிடும் என்றார். சொந்த உடம்பையே தாக்கும் லிம்போசைட்டுகளை உடம்பு முளையிலேயே வடிகட்டி அழித்துவிடுமாம், சில தப்பிவிடுமாம். தப்பியவற்றை அவள் உடம்பால் அடக்கிவைக்க முடியாமல் போனதால், அவை என் மனைவியின் விரல் மூட்டுகளைப் பகையென்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அவள் ரிப்போர்ட்டை அவளிடம் நீட்டினேன். வெட்கமாக இருந்தது.

"உங்க கட்டி என்னன்னு தெரியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேனுங்க," என்றாள்.

கடுகு டப்பா அவள் கையில் மூடியபடியே இருந்தது. வாங்கித் திறந்து கொடுத்தேன்.