எடை சரியாக இருந்த பெட்டி

கிடங்கில் அவளுக்குப் பொத்தானக்கா என்று பெயர். விமானப்படைக்காரர்களின் சட்டையில் எது அறுந்து தொங்கினாலும் நேராக அவள் மேசைக்குத்தான் வருவார்கள். தகர டப்பா ஒன்றில் பொத்தானும் ஊசி நூலும் தயாராக இருக்கும். ஆனால் அவளுடைய வேலை அதுவல்ல. குண்டுவீச்சு விமானம் எங்காவது காட்டில் விழுந்தால், பிழைத்தவர்கள் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பெட்டி கூடவே போகும். பிஸ்கட், தூண்டில், கட்டுத்துணி, மெழுகு பூசிய தீக்குச்சிப் பொட்டலம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சிறு புத்தகம் என்று பதினான்கு சாமான். அதை அடுக்குபவள் அவள்.

மேற்பார்வையாளர் பெட்டியைத் திறந்து பார்க்கவே மாட்டார். எடை போடுவார். முள் சிவப்புக் கோட்டில் நின்றால் முத்திரை. இல்லையென்றால் எல்லாவற்றையும் கொட்டி முதலிலிருந்து அடுக்க வேண்டும். அவருக்குத் 'தராசு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

ஒரு சனிக்கிழமை, கடைசிப் பெட்டியில் முள் கோட்டை எட்டவில்லை. ஏதோ ஒரு சாமான் விட்டுப்போயிருந்தது. எது என்று கொட்டிப் பார்க்க நேரமில்லை; வாசலில் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். இவள் பொத்தான் டப்பாவை உள்ளே போட்டாள். முள் தாண்டியது. மூன்று பொத்தானை வெளியே எடுத்தாள். கோட்டில் கச்சிதமாக நின்றது. தராசு திருப்தியாக முத்திரை குத்தினார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டி போன விமானம் திரும்பவில்லை. உள்ளே ஐந்து பேர். போன வழியெல்லாம் ஆள் அரவமில்லாத பனிக்காடு.

கணவன் சைக்கிள் கடை வைத்திருந்தான். ட்யூபுக்கு ஒட்டுப் போட்டபடியே கேட்டான்.

"எடை சரியா இருந்துச்சுல்ல? அப்புறம் என்ன?"

"எடை சரிதாங்க. எது இல்லைன்னு தெரியலையே!"

தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதேபோல ஒரு டப்பா வாங்கி, அதேபோல ஊசி நூலும் பொத்தானும் போட்டு, மதிய இடைவேளையில் ஆளில்லாத நேரம் பார்த்து நிறுத்தாள். பிறகு பதினான்கு சாமானையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தாள். இரண்டுதான் அந்த எடைக்கு வந்தன. ஒன்று புத்தகம். இன்னொன்று தீக்குச்சிப் பொட்டலம். அதற்கு மேல் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு பற்றவைக்கும்போதெல்லாம் பெட்டியில் மிச்சமிருந்த தீக்குச்சிகளை எண்ணினாள்.

நாற்பது நாள் கழித்து, கைத்தடி ஊன்றி ஒருவன் கிடங்குக்குள் வந்தான். அந்த விமானத்தின் பின்பக்கத் துப்பாக்கிக்காரன். டப்பாவை மேசைமேல் வைத்தான்.

"இது யாருதுங்க?"

தராசின் முகம் கறுத்தது. பெட்டி அடுக்கும் மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவளும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை நாள் நெஞ்சைக் குடைந்த கேள்வி சும்மா இருக்குமா?

"தம்பி, தீக்குச்சி இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. புத்தகம்தான் இல்ல."

அவள் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். அவன் பதறிப்போனான்.

"அழாதீங்கக்கா. அந்தப் புத்தகத்துல என்னதான் எழுதியிருக்கும்?"

ஆயிரம் பெட்டி அடுக்கியவளுக்கு அது மனப்பாடம். "விமானத்தை விட்டு நகராதீர்கள். தேடி வருவார்கள். அதான் முதல் வரி."

அவன் கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"நாங்க விழுந்தது உறைஞ்ச ஏரி மேல. இருக்கலாம்னு ரெண்டு பேரு, நடக்கலாம்னு ரெண்டு பேரு, விமானிக்கு ரெண்டுங்கெட்டான் நிலை. ஒரே சண்டை. கடைசியில உங்க பொத்தானைக் குலுக்கி எடுத்தோம். கறுப்புன்னா இருக்கணும், வெள்ளைன்னா நடக்கணும். வெள்ளை வந்துச்சு. கரையேறித் திரும்பிப் பார்க்கிறோம், பனி உடைஞ்சு விமானம் பாதி தண்ணிக்குள்ள. அப்புறம் ஆத்தோரமாவே இருபத்தாறு நாள் நடந்தோம், மரம்வெட்டுறவங்க குடிசை வரைக்கும்."

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும். அந்த வெள்ளைப் பொத்தான் மட்டும் விமானிகிட்ட இருக்கு. திருப்பித் தரமாட்டாராம்."

தராசு உள்ளே போய், வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை எழுதிக்கொண்டு வந்தார். விதி விதிதானே. அவள் கையெழுத்துப் போட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாகச் சைக்கிள் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஏங்க, வேலை போயிடுச்சு!" என்றாள் சிரித்துக்கொண்டே. கணவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.