இறந்துபோனவர் கொண்டுவந்த சாவி

பல வருஷம் செருப்புக் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் பாதத்தை அளந்துகொண்டிருந்தவள், முட்டி வலி வந்து கடையை விட்ட பிறகு, அழுவதைத் தொழிலாக எடுத்துக்கொண்டாள். அப்படியொரு தொழில் இருப்பது அவளுக்கே அதற்கு முன் தெரியாது.

உளவியல் படித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பழகி முடித்தவர்கள், இனிமேல் தனியாக அறை வைத்து ஆட்களைப் பார்க்கலாம் என்று லைசென்ஸ் கொடுக்க ஒரு வாரியம் இருக்கிறது. எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களுக்கு அங்கே கடைசியாக ஒரு சோதனை உண்டு. ஓர் அறை, இரண்டு நாற்காலி, எதிரே ஒரு நோயாளி, மூலையில் இரண்டு தேர்வாளர்கள், ஒரு மேடமும் ஒரு சாரும். நிஜ நோயாளியின் தலையில் கத்துக்குட்டி கைவைத்துப் பழகுவது பாவம் என்பதால், நோயாளியாக நடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். கோபக்காரராக நடித்தவர் ஒரு தையற்காரர். வெளியே அவர் ஈயைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விரட்டுவார். இவளுக்குக் கொடுத்த அட்டையில் இருந்தது துக்கம். கணவர் போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டார். தூக்கமில்லை, பசியில்லை. நேராகக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று: உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை.

முதல் நாளே அவள் அழுத அழுகையில் தேர்வாளர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாரியத்தில் அவளுக்குப் பெயர் கண்ணீரக்கா.

அந்தக் கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. செருப்புக் கடைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஒருநாள் அவளுடைய நிஜக் கணவரின் அக்கா வீட்டுக்கு வந்து அதைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றாள். அவ்வளவுதான். மனுஷர் அதைத் தூக்கி ஆட்டோவில் வைத்து அனுப்பிவிட்டார். கடைக்குப் போயிருந்தவள் சாயங்காலம் வந்து பார்த்தால், ஜன்னலோரம் தரையில் மெஷின் கால் பதிந்த நாலு தடம். பரீட்சை அறையில் யாராவது "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று ஆரம்பித்ததும் அவள் அந்த நாலு தடத்தை நினைத்துக்கொள்வாள். குழாயைத் திறந்த மாதிரி கொட்டும்.

வீட்டில் அவள் சொல்லி வைத்திருந்தது, "ஆபீஸ்ல உக்கார்ற வேலை." அட்டையில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று வாரியத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதற்கு மேல், உயிரோடு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷரிடம், நீங்கள் வாரத்துக்கு நாலு தடவை வழுக்கி விழுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு விதியும் உண்டு. நோயாளி வேஷத்தைக் கலைத்தால் அந்தப் பரீட்சை செல்லாது. கலைத்தவருக்கு அன்றோடு வேலையும் போய்விடும்.

அன்று வந்த பையனை வாரியத்தில் எல்லோருக்கும் தெரியும். அவசரக்குடுக்கை என்று காவலாளி வைத்த பெயர். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவன். படிப்பில் குறையில்லை. நோயாளி "எனக்கு" என்று வாயைத் திறப்பதற்குள் இவன் அறிவுரையைப் பரிமாறிவிடுவான். இது மூன்றாவது, கடைசித் தடவை. இதிலும் தோற்றாலோ பரீட்சை செல்லாமல் போனாலோ, மறுபடி இரண்டு வருஷம் ஒரு மூத்தவருக்குப் பின்னால் பை தூக்க வேண்டும். அதற்குள் அவன் அறை வாடகைக்குப் பிடித்து, பெயர்ப்பலகையும் எழுதி வைத்துவிட்டான். பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறதாம். காவலாளிதான் கண்ணீரக்காவிடம் சொன்னான். "இந்தத் தடவ பாத்து அழுங்கக்கா. பாவம்."

"நான் அழறதுல ஒண்ணும் இல்லப்பா. அவன் வாய மூடுறதுலதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குச் சற்றுப் பிறகு வாரியத்தின் வாசலில் அவள் கணவர் வந்து நின்றார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வீட்டுச் சாவி.

"யாரைப் பாக்கணும்?" என்றான் காவலாளி.

"செருப்புக் கடையில இருந்தாங்களே ஒரு அம்மா, நான் அவங்க வீட்டுக்காரரு."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஓ, இந்தத் தடவ புருஷனா நடிக்கவும் ஆள் போட்டுட்டாங்களா? பையனுக்குக் கஷ்டமாத்தான் வச்சிருக்காங்க. மூணாம் ரூம். ஆரம்பிச்சுட்டாங்க, சீக்கிரம் போங்க."

"போடுறதா? நான் நிஜமாவே அவங்க வீட்டுக்காரருப்பா."

"ஆமாமா, அப்படித்தான் சொல்லணும். போங்க."

மூன்றாம் அறையில் கண்ணீரக்கா பாதி அழுகையில் இருந்தாள். பையன் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தான். அதற்கு மேல் தாங்கவில்லை. முன்னால் சாய்ந்தான். "உங்க வருத்தம் எனக்குப் புரியுதும்மா. இப்ப நீங்க என்ன பண்ணணும்னா..."

மூலையில் இருந்த மேடம், இரண்டு தடவையும் அவனைத் தோற்கடித்த அதே மேடம், பேனாவைத் திறந்தார்.

கதவும் திறந்தது.

"ஏம்மா, சாவிய விட்டுட்டு வந்துட்டியே. நான் வெளிய போயிட்டா நீ தெருவுலதான நிக்கணும்?"

கண்ணீரக்காவின் கண்ணீர் கன்னத்திலேயே நின்றது. வெளியே போங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் வேஷம் போச்சு, வேலை போச்சு, பையனுக்கு இரண்டு வருஷமும் போச்சு. வேஷத்துக்குள்ளேயே இருந்து சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"வந்துட்டாரு பாருங்க," என்றாள் பையனிடம். "இப்படித்தான் நெனச்ச நேரத்துக்கு வந்து நிக்குறாரு."

"யாரு வந்துட்டாரு?" என்றார் கணவர்.

"செத்துப்போன என் வீட்டுக்காரரு."

அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. "யாரம்மா சொல்ற?"

"உங்களத்தான்."

"நான் எப்ப செத்தேன்?"

"போன வருஷம். பாத்ரூம்ல."

மூலையில் இருந்த தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது சாரின் ஏற்பாடு என்று மேடமும், மேடத்தின் ஏற்பாடு என்று சாரும் நினைத்து, இரண்டு பேருமே குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.

பையனின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. செத்தவர் கண்ணுக்குத் தெரிகிறார் என்று சொல்லும் நோயாளியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் விரிவாக இருந்தது. பார்க்கிற உளவியலாளருக்கும் சேர்த்துத் தெரிந்தால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இல்லை என்று சொன்னால் பொய். தெரிகிறார் என்று சொன்னால் தன்னையும் உள்ளே படுக்க வைத்துவிடுவார்களோ என்று பயம்.

"எனக்கும் தெரியுறாரும்மா," என்றான் மெல்லிய குரலில்.

பிறகு எழுந்து நின்றான். "ஐயா, நீங்க இருக்கீங்களா இல்லையாங்கிறது எனக்குத் தெரியாது. ஆனா இவங்க இங்க பேசுறது இவங்களோட சொந்த விஷயம். யாரா இருந்தாலும், செத்தவராவே இருந்தாலும், இவங்க சம்மதம் இல்லாம இங்க நிக்கக் கூடாது." அவள் பக்கம் திரும்பினான். "அம்மா, இவரு இருக்கட்டுமா, போகட்டுமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நிதானமாக யோசித்தாள்.

"போகட்டும். சாவிய வச்சுட்டுப் போகட்டும்."

கணவர் சாவியை மேஜையில் வைத்தார். "பாத்ரூம்ல என்ன ஆச்சுன்னாவது சொல்லுங்க தம்பி."

"அதுக்கும் அவங்க சம்மதம் வேணுங்க," என்று சொல்லி அவன் கதவைச் சாத்தினான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, எடுத்து வைத்திருந்த அறிவுரை முழுக்க அவனுக்கு மறந்துபோயிருந்தது. தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. "நான் என்ன சொல்ல வந்தேன்னு தெரியலம்மா. நீங்களே சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

சொன்னாள். தூக்கத்தைச் சொன்னாள், பசியைச் சொன்னாள். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், இரண்டு தடவையும் கேட்காமல் விட்ட கேள்வியை நேராகக் கேட்டான். "உயிரோட இருக்கவே பிடிக்கலன்னு தோணுதாம்மா?" அவள் அட்டையில் இருந்தபடி ஆமாம் என்றாள். வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தான். இதைத் தான் ஒருவனாக முடிவு செய்யப் போவதில்லை, அவளுக்குச் சொல்லிவிட்டே மூத்தவர் ஒருவரைக் கலந்து பேசப்போவதாகச் சொன்னான். மணி அடித்தது.

"நல்ல ஏற்பாடு மேடம். பிரமாதம்," என்றார் சார்.

"நான் எங்க பண்ணேன்? நீங்க பண்ணதுன்னுல்ல நெனச்சேன்."

இருவரும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் கணவர் தையற்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு என்னங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார் தையற்காரர்.

"செத்துட்டேனாம். உங்களுக்கு?"

"எனக்குக் கோபம்தான்," என்றார் தையற்காரர் வெட்கத்தோடு.

மேடம் கதவைச் சாத்திவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்தார். நோயாளி வேஷத்தைக் கலைத்தால் செல்லாது. நோயாளி கலைக்கவில்லை. பரீட்சை எழுதுகிறவன் தவறினால் தேறமாட்டான். அவன் தவறவில்லை. பிணம் வந்து இடையூறு செய்தால் என்ன செய்வது என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். இல்லை. "அப்ப பாஸ்தான்," என்று கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே பையன் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டான். அவசரத்தில் ஒரே ஆணி. இன்றைக்கும் அது கோணலாகத்தான் தொங்குகிறது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கணவர் ஆற்றாமையில் பொருமினார். "காலமெல்லாம் லிஃப்ட் கம்பியப் பிடிச்சுத் தொங்குனவன் நான். லிஃப்ட்ல இருந்து விழுந்தேன்னு வச்சிருக்கக் கூடாதா? சோப்பு வழுக்கியா சாவேன்?"

"அட்டையில அப்படித்தாங்க இருக்கு. நானா எழுதுனேன்?"

தெருமுனை வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் கண்ணுல நிஜமாவே தண்ணி இருந்துச்சே. எனக்காகவா?"

அவள் தரையில் பதிந்த நாலு தடத்தை நினைத்துக்கொண்டாள். "பின்ன யாருக்காக?"

அந்த வாரமே அவர் அக்கா வீட்டுக்குப் போய், மூச்சு வாங்க வாங்கத் தையல் மெஷினைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்தார். நாலு காலும் பழைய தடத்தில் அப்படியே உட்கார்ந்தன. "நீ அப்படி அழறத என்னால பாக்க முடியல. உனக்குன்னு இருக்கட்டும்," என்றார். அவள் மெஷினைத் தடவிப் பார்த்தாள். நல்ல மனுஷர்தான் என்றுகூடத் தோன்றியது.

வினை அடுத்த பரீட்சையில் வந்தது. எதிரே ஒரு பெண் பரிவாக, "சொல்லுங்கம்மா" என்றாள். கண்ணீரக்கா வழக்கம்போல மெஷினை நினைத்தாள். மெஷின் உறை போட்டு ஜம்மென்று வீட்டில் நின்றது. கணவரின் சாவை நினைத்துப் பார்த்தாள். சாவியோடு நின்ற அவர் முகம்தான் வந்தது, சிரிப்பு முட்டியது. மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் காலையில் கிளம்பும்போது நடந்தது நினைவுக்கு வந்தது. போட்டுக்கொள்ள எடுத்த புடவையைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டியைத் தேடினாள். புதுப் பெட்டி, போன மாதம் வாங்கியது. வீடு முழுக்கத் தேடியும் இல்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "மெஷின எடுத்துட்டு வந்துட்டோமே, அக்கா மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல. அதான் அதைக் குடுத்துட்டேன்."

கசங்கின புடவையைக் குனிந்து பார்த்தாள்.

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.