பாதம் வைத்த எழுத்துகள்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் அந்த எழுத்துகள் மறுபடியும் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. வெளியூரார் காப்பி குடிக்கும் கடைகளின் முகப்பிலும், நகைக்கடை விளம்பரங்களிலும், என் கைப்பேசிக்கு வரும் திருமண அழைப்புகளின் உச்சியிலும் அவற்றைக் காண்கிறேன். நெடுங்கோடு தூண்போல் தடித்து, குறுக்குக்கோடு மயிரிழையாய் மெலிந்து, ஒவ்வொரு காலின் முடிவிலும் ஒரு சிறு பாதம் வைத்து நிற்கும் இங்கிலீஷ் எழுத்துகள். பக்கம் பக்கமாய்ப் படிப்பதற்கு அவை உதவா, கண் களைத்துவிடும். தொலைவில் வருகிறவரை நிறுத்தி, இங்கே ஒருவர் வீற்றிருக்கிறார் என்று அறிவிப்பதற்கே பிறந்தவை.

திருவடியில் தொடங்கித் திருமுடியில் முடிக்கும் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். எந்த உருவத்தையும் கீழிருந்துதான் பார்ப்பேன். ஆயினும் அந்தப் பாதங்களை எனக்குக் காட்டித் தந்தவர் என் தாய்மாமா.

அவர் ஒரு மிளகுப் பண்டகசாலையில் மூட்டை சுமந்தவர். அதன் முகப்பில் கம்பெனியின் பெயர் அவ்வெழுத்துகளில் ஆள் உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. முன்வாசல் முதலாளிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் உரியது. மூட்டையும் மூட்டை சுமப்பவரும் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போகவேண்டும். இப்படி ஒரு விதியை யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மாமாவின் முதுகு ஒரு மழைக்காலத்தில் மடங்கிப்போயிற்று. இனிச் சுமை கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அத்தையின் கைப்பக்குவத்தை நம்பி, கடைவீதியிலேயே சிறிய ஓட்டல் ஒன்றைத் தொடங்கினார்கள். அது நடக்காவிட்டால் மாமா அதே முதுகோடு மூட்டைக்குத் திரும்பவேண்டியதுதான்.

போர்டு எழுத வந்த பெயின்டர் தயங்கினார்.

"இந்த எழுத்து சாயாக்கடைக்குச் சேராது அண்ணாச்சி. இது கம்பெனி எழுத்தாக்கும்."

"சேரும் சேட்டா, எழுதுங்க. அந்தக் காலுக்கடியில பாதம் இருக்கு பாருங்க, அது மட்டும் குறையப்படாது."

'ஓட்டல்' என்று இங்கிலீஷில் ஐந்தே எழுத்து. எங்கள் வீட்டில் ஐந்தெழுத்து என்றால் நாள்தோறும் விளக்கேற்றி ஓதும் ஒன்றுதான். மாமாவுக்கு மட்டும் அவ்வாண்டு இரண்டாயிற்று. முதல் எழுத்து இரு தூண்களை ஒரு நூலால் கட்டியதுபோல் நின்றது. அடுத்தது வயிறு புடைத்து, உச்சியிலும் அடியிலும் மட்டும் இளைத்திருந்தது. மாமாவுக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. தெருவின் எதிர்ப்புறம் நின்று, கோபுரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சாப்பிட வருவோரைக் காணோம். கடைக்குள் தவறிப்போய் நுழைந்த ஒருவர், இது வங்கிதானே என்று விசாரித்துவிட்டுப் போனார். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு கூட்டமாக வருவார்கள். போர்டை அண்ணாந்து பார்ப்பார்கள். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். சற்று நேரத்தில் எங்கள் சமையலறையின் பின்கதவு தட்டப்படும். அதைத் திறக்கவே கூடாது என்பது மாமாவின் கட்டளை. நம் கடைக்கு ஒரே வாசல்தான் என்பார். தட்டியவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இட்லி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

ஒருநாள் அத்தை பொறுமை இழந்து தாழ்ப்பாளை நீக்கினாள். கூட்டத்தில் மூத்தவர், மாமாவோடு நெடுநாள் சுமை தூக்கியவர், தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஏன் அண்ணே, முன்னாடி கதவு தொறந்துதானே கெடக்கு?"

"மேலே கம்பெனி போர்டு தொங்குதே தாயி. நாங்க இப்படித்தானே வரணும்?"

அத்தை சிரித்துவிட்டு, பின்கட்டிலேயே வரிசையாக இலை போட்டாள். அவர்கள் தரையில் அமர்ந்து கேட்டுக் கேட்டு உண்டார்கள். மாமா உள்ளே வந்தபோது சாம்பார் பாத்திரத்தின் அடிக்குப் போயிருந்தது.

"பின்கதவத் தொறந்தா கட நடக்குதுங்க. நீங்க வேணும்னா தெருவுல நின்னு ஒங்க போர்டப் பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் அத்தை.

மாமா வலித்த முதுகை மெல்ல வளைத்து, மூத்தவரின் இலையைப் பாதித் தோசையோடு இரு கைகளாலும் ஏந்தினார். சட்னி முழங்கைவரை வழிந்தது.

"எங்கடா கொண்டுபோறே என் தோசைய?"

"முன்னாடி."

இலை முன்னே போக, பெரியவர் வைதுகொண்டே பின்னே போனார். மற்றவர்களும் தத்தம் இலைகளைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி வந்தார்கள். உற்சவம் வீதி வருவதுபோல் இருந்தது. கூடவே ஓடிய சிறுமி எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாசற்படியில் பெரியவர் நின்றார். தன்மேல் படிந்திருந்த மிளகுத் தூசியை நெடுநேரம் தட்டினார். பிறகு உள்ளே வந்து, பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பாக அமர்ந்து மீதியை உண்டார். மறுநாளிலிருந்து அனைவரும் அவ்வழியே வந்தார்கள். மாமா மூட்டைக்குத் திரும்பவில்லை.

ஆனால் அன்று பெரியவர் செய்த ஒரு காரியம் எனக்கு விளங்கவேயில்லை. கை கழுவிக்கொண்டு முன்வாசல் வழியே வெளியேறியவர், தெருவில் இரண்டடி நடந்து, திரும்பி, மறுபடியும் அவ்வாசல் வழியே உள்ளே வந்தார். எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றார். பிறகு போய்விட்டார். மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாவம், எதையோ மறந்து வைத்துவிட்டார் என்று எண்ணி, நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.