ஸ்டெல்லா டீச்சர் அமுக்காத கடிகாரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு செஸ் ஆட்டத்தில் ஜெயித்தேன். அதுவும் கறுப்புக் காய்களுடன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். எங்கள் கிளப் டோர்னமெண்டின் கடைசி ரவுண்டு. ஜெயிப்பவருக்குக் கிளப் டீமில் மிச்சமிருந்த ஒரே இடம். நாலு வருஷமாக நான் கண் வைத்திருக்கும் இடம்.

எதிரே ஸ்டெல்லா டீச்சர். செம்பாக்கத்துக்காரர், கணக்கு டீச்சர், அதிகம் பேசாதவர். வெள்ளைக் காய்களுடன் என்னை நிதானமாக நெருக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு சிப்பாய் அதிகம். எனக்கு வியர்வை அதிகம்.

அப்போது ஒரு காயை நகர்த்திவிட்டு, டீ குடிக்க வெளியே போனார். கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டார்.

செஸ் ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை — ஆளுக்கொரு கடிகாரம். நகர்த்தியதும் பட்டனை அமுக்கினால்தான் நம்முடையது நின்று அடுத்தவருடையது ஓடும். மறந்தால் நம் நேரம்தான் கரையும்; அது தீர்ந்தால் ஆட்டம் போச்சு.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியே ஆகவேண்டும் என்று விதியில்லை... கன்னத்தில் கைவைத்து, யோசிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு நிமிடம்.

திரும்பி வந்தவர் முகம் வெளுத்துவிட்டது. மிச்சம் மூன்றே நிமிடம். அடுத்த நகர்த்தலுக்கே அவசரம். ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்தார். என் குதிரை செக் வைத்தது. அடுத்ததில் யானையை வெட்டியது. சற்று நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

"சார், நான் அமுக்கலைன்னு நீங்க கவனிச்சீங்களா?"

"இல்லையே டீச்சர்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரும் நின்றிருந்தார். இருவருக்கும் ஒரே பஸ். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

"டீச்சர்... கவனிச்சேன்."

"தெரியும் சார்," என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. "டீ குடிக்கறப்ப ஜன்னல் வழியா பார்த்தேன். நீங்க போர்டைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தையே பார்த்துட்டிருந்தீங்க. உங்களுக்குத்தான் டைம் கம்மி போல, டென்ஷன்ல இருக்கீங்க, பாவம்னு நினைச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"டீம்ல நீங்களே ஆடுங்க டீச்சர். நான் செக்ரட்டரிகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம் சார். ராஜாவைத் தப்பா வெச்சது நான்தானே. நீங்களே ஆடுங்க."

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். உள்ளே உட்கார இடம்கூட இருந்தது.

நான் அடுத்த பஸ்ஸில்தான் போனேன் — முக்கால் மணி நேரம் கழித்து, நின்றுகொண்டே.