பொங்கல் தின்னாத மாடு

திண்டிவனத்திலிருந்து கோப்புக் கட்டோடு வந்த அலுவலக உதவியாளர், விழுப்புரத்தில் என் மேசைமேல் அதை வைத்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னார். "ஏகாம்பரம் சார் பூட்டாருங்க. முந்தாநேத்தே எடுத்துட்டாங்க." எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா என்று கத்தினேன். அவர் தலையைச் சொறிந்தார். "நீங்களும் அவரும் அவ்ளோ நெருக்கம்னு யாருக்கும் தெரியாதுங்களே." அவர் சொன்னது சரிதான். தெரியும்படி நான் நடந்துகொண்டதில்லை.

கால்நடைத் துறையில் அவரோடு வேலை பார்த்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். ஆகவே ஏகாம்பரம் எப்படி இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வானூர் போகும் சாலையில் எங்கள் மருந்தகம். நான் மருத்துவர், அவர் கால்நடை ஆய்வாளர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் "சார்" என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை. காரணம் அவர் சட்டைப்பையில் இருந்த சின்னத் தாள் புத்தகம். விழுப்புரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மைத்துனரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். எதிலாவது தொட்டால் நிறம் மாறும் பிஎச் தாள். ஏழு என்றால் நடுநிலை, பச்சை. கீழே இறங்க இறங்க அமிலம், மஞ்சளாகிச் சிவக்கும். மேலே ஏறினால் காரம், நீலம். மாட்டு மூத்திரம், குட்டை நீர், புளித்த தீவனம் என்று எதைக் கண்டாலும் ஒரு தாளைக் கிழித்துத் தொட்டுப் பார்ப்பார். "மாட்டைப் பாருங்க ஏகாம்பரம், காகிதத்தை அப்புறம் பாக்கலாம்" என்று ஆட்கள் முன்னால் கிண்டல் செய்வேன். "உசுரு இருக்கற எதுக்கும் ஒரு அளவு இருக்குது சார், ரெண்டு பக்கமும் தாண்டக் கூடாது" என்பார். அதோடு சரி, பதிலுக்குப் பதில் பேச மாட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஒரு வருஷம் காணும் பொங்கலன்று காலை, அஞ்சலை என்கிற பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கூலி வேலை செய்கிறவள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு மாடு. அது எட்டு மாதச் சினை. "எந்திரிக்க மாட்டேங்குதுங்க, பல்லைக் கடிச்சிக்கினே கெடக்குது" என்று அழுதாள். முந்தின நாள் மாட்டுப் பொங்கல். வருஷம் முழுக்க வைக்கோலும் வரப்புப் புல்லும் தின்ற மாட்டுக்கு ஒரு நாளாவது வயிறாரப் போடலாம் என்று தன் வீட்டுப் பொங்கலையும், வேலை செய்யும் வீடுகளில் மிஞ்சியதையும் சேர்த்து ஒரு அண்டா நிறைய வைத்திருக்கிறாள். அது ஒரு பருக்கை விடாமல் தின்றிருக்கிறது. பாசத்தில் செய்தது.

போய்ப் பார்த்தால் இடது விலா உப்பியிருந்தது. காற்று அடைத்துக்கொண்டது என்று முடிவு கட்டினேன். குத்திக் காற்றை வெளியேற்றும் குழாயூசியைக் கையில் எடுத்துவிட்டேன். ஏகாம்பரம் என் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. "குத்தாதீங்க சார். காத்து இல்ல, தண்ணி." விலாவில் முஷ்டியை வைத்து அழுத்தினார். அரைக்குடம் தண்ணீரை ஆட்டியது போல உள்ளே சளசளத்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்தார். பழைய கஞ்சி புளித்த நாற்றம். புத்தகத்தில் நான்கே தாள்கள் மீதி இருந்தன. ஒன்றைக் கிழித்துத் தொட்டார். செங்காவி நிறம். நாலரைக்கு மேல் இல்லை. நல்ல மாட்டுக்கு ஆறு, ஆறரை இருக்க வேண்டும். ஒரு எண் இறங்கினாலே பத்து மடங்கு அமிலம் கூடிவிட்டது என்று பொருள். குழாயூசியைக் கீழே வைத்தேன். குத்தியிருந்தால் அந்தப் புளித்த நீர் வயிற்றறைக்குள் கசிந்திருக்கும், மாடு என் கையாலேயே செத்திருக்கும்.

மருந்தகத்தில் இருந்த சோடா உப்பு போதவில்லை. பஜ்ஜிக் கடைக்காரர் வீட்டைத் தட்டி ஆப்பச் சோடா பொட்டலங்களை வாங்கி வந்தோம். நீரில் கரைத்துக் குழாய் வழியாக ஊற்றினார். நான் அவசரத்தில் மிச்சத்தையும் கொட்டச் சொன்னேன். "வேணாம் சார். நீலத்துக்குப் போனாலும் சாவுதான்." அரை மணி நேரம் காத்திருந்தோம். மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுவிட்டது. கண் குழி விழுந்துவிட்டது. இரண்டாவது தாள் ஆரஞ்சு. இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றினோம். மூன்றாவது தாள் மஞ்சள், ஏறக்குறைய ஆறு. அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ எடம் சரியாச்சு, குடியிருக்க ஆளு இல்ல" என்றார் ஏகாம்பரம். மாட்டின் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவைதான் புல்லைச் செரிக்கின்றன. அமிலத்தில் அவை செத்துவிட்டன. நல்ல மாட்டின் வயிற்று நீரை எடுத்துச் சூடு ஆறுவதற்குள் இதற்கு ஊற்ற வேண்டும். ஆனால் ஊரில் எந்த மாடு நல்ல மாடு? எல்லா வீட்டிலும் நேற்றுப் பொங்கல் ஊட்டியிருக்கிறார்களே. ஏகாம்பரம் அஞ்சலையிடம் கேட்டார். "இந்த வருசம் யாரு வூட்டுல பொங்கல் வெக்கல?"

அவள் முகம் வெளுத்தது. "தொரசாமி ஐயா வூடு. ஐப்பசில அவரு புள்ள பூட்டாரு." பிறகு மெதுவாகச் சொன்னாள். "எழவு வூட்டுல இருந்து எதுவும் வாணாங்க. சென மாடு."

மூவரும் போய் மாட்டின் வயிற்று நீர் கேட்டோம்; துரைசாமியும் கதவைப் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அஞ்சலை வேலை செய்வது அவர் நிலத்தில்தான். "நல்ல நாளும் அதுவுமா என் வூட்டுப் பீடையை அந்தப் பொண்ணு வூட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா? அந்தப் பாவம் வேற எனக்கு வேணுமா?" என்றார். நான் மருத்துவர் என்ற தோரணையில் ஏதோ அதட்டினேன். கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது. ஏகாம்பரம் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, ஊருல அத்தினி மாடும் பொங்கல் துன்னுட்டு நிக்குது. உங்க மாடுதான் வைக்கலு துன்னுது. அது வயித்துலதான் இன்னிக்கி உசுரு இருக்குது. பீடை இல்லீங்க, உசுரு."

துரைசாமி வாசலுக்கு வந்தார். அஞ்சலையை ஒரு முறை பார்த்தார். அவள் தெருவிலேயே நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அவரே கொட்டகைக்குப் போய் மாட்டின் மூக்கைப் பிடித்து நிறுத்தினார்.

குழாயை விட்டும் நீர் வரவில்லை. ஏகாம்பரம் குழாயின் மறு முனையில் வாயை வைத்து உறிஞ்சினார். வாய் நிறைய வந்ததைத் துப்பிவிட்டுக் குழாயை வாளிக்குள் விட்டார். கடைசித் தாளை அதில் தொட்டார். மஞ்சள் கலந்த பச்சை. சிரித்தார். துணியில் வடிகட்டி, வாளியைத் துண்டால் போர்த்திக்கொண்டு இரண்டு தெரு தாண்டி அஞ்சலை வீட்டுக்கு ஓடினோம். அஞ்சலை ஒரு நொடி குறுக்கே நின்றாள், பிறகு அவளே மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். ஊற்றி முடித்ததும் பார்ப்பதற்குத் தாள் இல்லை. "இனிமே மாடுதான் சொல்லணும் சார்" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் மாட்டின் தாடை ஒரு முறை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அசை போட ஆரம்பித்துவிட்டது. அஞ்சலை என் காலில் விழுந்தாள். பக்கத்தில், வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் காலில் அல்ல.

மறுமாதத் துறைக் கூட்டத்தில் இந்தச் சிகிச்சையை விவரித்தேன். "நான் சோதித்தேன், நான் கொடுத்தேன்" என்றுதான் வாயில் வந்தது. கை தட்டினார்கள். கடைசி வரிசையில் அவரும் தட்டினார். திரும்பும்போது பஸ்ஸில், "உங்க பேரைச் சொல்லியிருக்கணும்" என்று முணுமுணுத்தேன். "மாடு எந்திரிச்சுது இல்ல சார், வுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். சொல்வதற்கு எத்தனையோ கூட்டங்கள் அதன் பிறகு வந்தன. எழுந்து நின்று ஒரு வரி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஊர்ப்பக்கம் போனால் இன்றும் என்னைத்தான் கும்பிடுகிறார்கள். செத்த மாட்டை எழுப்பிய டாக்டர் என்கிறார்கள். ஏகாம்பரம் நினைவாக என்னிடம் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த நல்ல பேர் ஒன்றுதான். உங்கள் எல்லார் முன்னாலும் இன்று அதைத் திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொள்ளத்தான் அவர் இல்லை.